வடசென்னையில் குறுந்தடக் கார்ப் பந்தயம்: ஓட்டுபவரையும் பார்ப்பவரையும் சேர்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

வடசென்னையில் 'ரேஸ்' என்று சொன்னவுடன் மூத்தவர்களுக்குக் கிண்டிக் குதிரைப் பந்தயம் நினைவுக்கு வரும். அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்கு, விடியற்காலையில் நெடுஞ்சாலையில் பணம் கட்டி ஓட்டப்படும் ஆட்டோக்கள் நினைவுக்கு வரும். வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கோ, பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் வீடு திரும்பவில்லையே என்ற கலக்கமே முதலில் எழும். சிறிய ஓடுதளத்தில் முறையான கார்ப் பந்தயம் நடத்த விரும்பும் ஒருவர், கார்களைத் தேடுவதற்கு முன்பே இந்த மூன்று நினைவுகளோடும் மோத வேண்டியிருக்கும். உங்கள் முதல் சுவரொட்டியைப் படிப்பவர் இது சூதாட்டமா, போலீஸ் வருமா, யாராவது அடிபடுவார்களா என்ற கேள்விகளோடுதான் படிப்பார்.

இவற்றுக்கு எதிராக நாம் எடுத்துவைக்கத் தக்க வேறொரு நினைவும் வடக்கே உண்டு. செங்குன்றத்தைத் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையின்மீது பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தி வந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் அமைந்தபின் பந்தயம் நகரின் மறுகோடிக்குச் சென்றுவிட்டது. இன்றும் அறுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் சோழவரம் என்று பேச்சைத் தொடங்கினால், கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். உங்கள் விளம்பரத்தின் முதல் சொல் 'சோழவரம்' என்று இருப்பது நல்லது. புதிதாக ஒன்றைக் கொண்டு வருவதாகச் சொல்வதைவிட, போனதைத் திரும்பக் கொண்டு வருவதாகச் சொன்னால் இப்பகுதி மக்கள் காது கொடுப்பார்கள்.

கைத்தொழிலுக்கும் இங்கே குறைவில்லை. திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் உருவானது. எண்ணூரில் லேலண்ட் லாரிகள் உருவாகின்றன. இன்று இந்தியப் பந்தயங்களில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான். பெரம்பூரில் ரயில் பெட்டிகளைக் கட்டிய கைகளுக்கும், மூலக்கடையிலும் கொடுங்கையூரிலும் லேத்து, வெல்டிங், டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் கைகளுக்கும் கார் ஒன்றைப் பந்தயத்துக்கு ஏற்பத் தயாரிப்பது எட்டாத வேலையன்று. அவர்களுக்கு இல்லாதது ஓட்டிப் பார்க்க ஓர் இடமும், மலிவான ஒரு விதிமுறையும்தான்.

குறுந்தடம் என்பது என்ன

அமெரிக்காவில் ஒரு மைலுக்கு, அதாவது சுமார் 1.6 கிலோமீட்டருக்குக் குறைவான நீள்வட்ட ஓடுதளத்தைக் குறுந்தடம் என்கிறார்கள். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள போமன் கிரே அரங்கில், ஒரு கால்பந்துத் திடலைச் சுற்றி அமைந்த கால் மைல் தடத்தில், 1949 முதல் அந்நாட்டின் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் வாராந்தரப் பந்தயங்கள் நடந்து வருகின்றன. அங்கே ஓட்டுபவர்களில் பலர் பகலில் வேறு தொழில் செய்கிறவர்கள். பார்க்க வருபவர்களில் பலர் அவர்களை அன்றாடம் தெருவில் சந்திக்கிறவர்கள். இந்த நெருக்கம்தான் குறுந்தடப் பந்தயத்தின் உயிர்.

இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. அங்கே ஒரு சாதாரண கார் உங்கள் கண்முன் கடந்து போனால், மீண்டும் வர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். இடையில் யார் யாரை முந்தினார் என்பது தெரியாது. 400 மீட்டர் தடத்தில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் 24 நொடிக்கு ஒருமுறை உங்களைக் கடக்கும். தடம் முழுவதும் கண்பார்வைக்குள் இருக்கும். எங்கே முந்தல் நடந்தாலும், எங்கே மோதினாலும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். வேகம் குறைவாக இருப்பதைப் பற்றிப் புதியவர்கள் கவலைப்படுவதுண்டு. கார்கள் நெருங்கி ஓடினால் அந்தக் கவலை மூன்றாவது சுற்றிலேயே மறைந்துவிடும்.

முதலில் சட்டம், பிறகு சுவரொட்டி

பொதுச் சாலையில் எதுவும் செய்யக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துவழி இசைவின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தை அரசே முன்னின்று நடத்தியது. அதைப் பார்த்துவிட்டு, நம் தெருவையும் அடைத்து ஓட்டலாம் என்று எண்ணுபவர்களை முதல் கூட்டத்திலேயே நாகரிகமாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்தியாவில் கார், பைக் பந்தயங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு ஆகும். அதனோடு இணைந்த ஒரு கழகத்தின் வழியாகவே உங்கள் போட்டிக்கு அனுமதி கேளுங்கள். ஓட்டுபவர்களின் உரிமம், தடத்தின் ஆய்வு, நடுவர்கள், காப்பீடு ஆகிய அனைத்தும் அந்த வழியில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். காப்பீட்டை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காருக்கு ஆண்டுதோறும் நாம் கட்டும் வழக்கமான காப்பீடு, பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. இது பலருக்கு விபத்து நடந்த பிறகுதான் தெரிய வருகிறது. காவல்துறை, தீயணைப்புத் துறை, உள்ளாட்சி ஆகியோரிடம் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். சோழவரம், செங்குன்றம் பகுதிகள் ஆவடிக் காவல் ஆணையரகத்தின்கீழ் வருவதால், இடத்தை முடிவு செய்யும்போதே எந்த ஆணையரகத்தின் எல்லை என்பதையும் கேட்டு வையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், நீங்களும் உங்கள் நண்பர்கள் நால்வரும் ஒரு பருவம் முழுவதும் இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்று, தடத்தோரம் நின்று கொடி காட்டும் தன்னார்வ மார்ஷல் பணிக்குப் பெயர் கொடுங்கள். மஞ்சள் கொடியை எப்போது காட்டுவது, சிவப்புக் கொடிக்குப் பிறகு யார் யாரிடம் பேசுவது, நின்றுபோன காரை எப்படி அகற்றுவது என்பதெல்லாம் வெயிலில் நின்று கற்க வேண்டியவை.

இடம்

நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 100 மீட்டர், வளைவின் ஆரம் 32 மீட்டர் என்று வைத்தால், ஒரு சுற்று ஏறத்தாழ 400 மீட்டர் வரும். தடத்தின் அகலத்தையும், கார் வழுக்கிச் சென்றால் நிற்பதற்கான வெளியையும் சேர்த்தால் நீளத்தில் 200 மீட்டரும் அகலத்தில் 100 மீட்டரும் தேவை. அதாவது, சுமார் ஐந்து ஏக்கர். வாகன நிறுத்தத்துக்கும் பார்வையாளர்களுக்கும் இதற்கு மேல் வேண்டும். சாதாரண டயர் பிடிப்பில் இந்த வளைவை மணிக்கு 55 முதல் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், அளவே ஒரு பாதுகாப்பாக அமைகிறது.

மணலி, மாதவரம், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கங்களில் கன்டெய்னர் யார்டுகள் நிறைய உள்ளன. சுமையேற்றிய டிரெய்லர்களைத் தாங்குவதற்காகத் தளம் போட்ட யார்டு ஒன்று வேலையில்லாமல் இருந்தால், அதுவே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான ஓடுதளம். ஒரு மாலைக்கு வாடகைக்குக் கேளுங்கள். தளத்தில் எண்ணெய் சிந்தாது, பழுதானால் சரிசெய்து தரப்படும் என்பதை எழுத்தில் கொடுங்கள். எண்ணெய் என்பதை இங்கே சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்ததை இப்பகுதி மறக்கவில்லை. ஒவ்வொரு காரின் அடியிலும் தார்ப்பாய் விரிப்பதும், பழைய எண்ணெயைக் கேனில் பிடித்துத் திரும்ப எடுத்துச் செல்வதும் கட்டாய விதியாக இருக்கட்டும்.

பேருந்தும் ரயிலும் எட்டாத இடம் வேண்டாம். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டித் தடத்தில் மின்ரயில் ஓடுகிறது. குடும்பத்தோடு வருபவர் வீடு திரும்பும் வழி தெரிந்தால்தான் கிளம்புவார்.

முதலில் சேர்க்க வேண்டியவர் ஓட்டுபவர்

புதிய அமைப்பாளர்கள் கூட்டம் சேர்ப்பதைப் பற்றியே முதலில் யோசிப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். இருபத்துநான்கு பேர் ஓட்ட வந்தால், ஒவ்வொருவருக்கும் வீட்டார், பட்டறைப் பையன்கள், கூட்டாளிகள் என்று பதினைந்து பேராவது வருவார்கள். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் 360 பேர் சேர்ந்துவிடுவார்கள். ஓட்டுபவர் ஐந்து பேராக இருந்தால், எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் வந்த கூட்டம் அடுத்த முறை வராது.

ஓட்டுபவரை விரட்டுவது செலவு. எனவே தொடக்கத்தில் இரண்டே பிரிவுகள் போதும். ஒன்று, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய கார்ட் வண்டிகள், அதாவது கூரையில்லாத சிறிய 'கோ-கார்ட்'கள். இன்னொன்று, பழைய மாருதி 800. அதன் 796 சி.சி. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கத் தெரியாத மெக்கானிக் இந்நகரில் இல்லை. உதிரிப் பாகங்கள் புதுப்பேட்டையில் கிடைக்கும். சாலையில் ஓட்டும் தகுதிக் காலம் முடிந்த வண்டியையும் குட்டி யானையில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டு வரலாம். இதே எஞ்சினைக் கொண்டு கோவையின் கரிவரதன் 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற மலிவான ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க இயலாத ஒரு தலைமுறை அதில்தான் ஓட்டக் கற்றது. பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். மலிவான பிரிவு என்றால் தரம் குறைந்த பிரிவு என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

விதிமுறை இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அது தமிழில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மாற்றமாட்டோம் என்று அச்சிட்டுக் கொடுங்கள். இந்த ஆண்டு செய்த கார் அடுத்த ஆண்டு செல்லாது என்றால், கடன் வாங்கிச் செய்தவன் பந்தயத்தையே விட்டுவிடுவான். எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே டயர் என்பது செலவைக் குறைக்கும் விதி. எஞ்சினில் பணத்தைக் கொட்டுவதைத் தடுக்க அமெரிக்கக் குறுந்தடங்கள் சிலவற்றில் ஓர் அழகான வழி உண்டு: வென்ற காரின் எஞ்சினை, விதியில் முன்பே எழுதப்பட்ட விலையைக் கொடுத்து, சக போட்டியாளர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 40,000 ரூபாய்க்குக் கைமாறக்கூடிய எஞ்சினுக்குள் எவனும் இரண்டு லட்சம் போடமாட்டான். நம் ஊருக்கு இவ்விதி சண்டையைக் கொண்டு வரும் என்று சிலர் அஞ்சலாம். எழுத்தில் இருந்து, எல்லோரும் கையெழுத்திட்டிருந்தால், அந்தச் சண்டை பத்து நிமிடத்தில் தீரும்.

பாதுகாப்புச் சாமான்களில் மட்டும் மலிவு கூடாது. கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கக் காருக்குள் பொருத்தும் குழாய்க்கூடான ரோல் கேஜைத் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் ஜி.ஐ. பைப்பில் வளைத்துவிடலாம் என்று நல்ல வெல்டர்களே சொல்வார்கள். அது மோதலில் மடிந்து, வெல்டு விட்டுப்போகும். இணைப்புத் தையலில்லாத (சீம்லெஸ்) எஃகுக் குழாய்தான் வேண்டும். அதன் விட்டமும் தடிமனும் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். ஹெல்மெட்டும் அப்படியே, ஐ.எஸ்.ஐ. முத்திரை சாலைக்கு உரியது, பந்தயத்துக்கு ஏற்கப்படும் தரங்கள் வேறு. கழகமே ஆறு நல்ல ஹெல்மெட்டுகளையும் ஆறு இருக்கைப் பட்டைகளையும் வாங்கி வைத்து, புதியவர்களுக்கு முதல் இரண்டு பந்தயங்களுக்கு இரவல் கொடுத்தால், தயங்கி நிற்பவர்கள் உள்ளே வருவார்கள்.

தயக்கத்தை உடைக்கப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பயிற்சி நாள் வையுங்கள். அன்று நேரம் எடுக்கக் கூடாது, பரிசு கூடாது. கார் செய்து முடிக்காதவரும் வந்து, வேறொருவர் காரில் ஐந்து சுற்று ஓட்டிப் பார்க்கட்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களையும், கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பாஹா என்ற வண்டி கட்டும் போட்டிக்காகச் சொந்தமாக வண்டி கட்டிய பொறியியல் மாணவர்களையும் அன்று அழையுங்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு வைப்பதைவிட, எல்லாப் பிரிவும் அவர்களுக்கும் உண்டு என்பதைச் சுவரொட்டியில் ஒரு பெண் ஓட்டுநரின் படத்தோடு காட்டுவது மேல். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கார்ட் பிரிவு உண்டு. மகனை அனுப்பத் தயங்கும் தாயிடம், அவன் சாலையில் வண்டி எடுத்துப் பிடிபட்டால் பெற்றவர்களுக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம் என்ற சட்டத்தை எடுத்துச் சொல்லி, மூடிய தடத்தில் ஹெல்மெட்டோடு ஓட்டுவதன் வேறுபாட்டை விளக்குங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் அவரை ஒருமுறை தடத்துக்கு அழைத்துவந்து காட்டிவிட வேண்டும்.

வந்தவர் மீண்டும் வருவதற்குப் பரிசுப் பணத்தைப் பிரிக்கும் முறை முக்கியம். உங்களிடம் 60,000 ரூபாய் இருந்தால் முதல் மூவருக்கு 10,000, 7,000, 5,000 என்று கொடுத்துவிட்டு, மீதி 21 பேருக்கும் ஆளுக்கு 1,800 ரூபாய் கொடுக்கலாம். சுவரொட்டியில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால், கடைசியாக வந்தவருக்கு வண்டி ஏற்றிவந்த வாடகையில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்திருக்கும். ஒரே ஆள் தொடர்ந்து வெல்வதும் மற்றவர்களை விரட்டும். பிரிட்டனின் பிரிஸ்கா ஃபார்முலா 1 ஸ்டாக் கார் பந்தயங்களில் ஓட்டுநரின் தரத்துக்கேற்பக் காரின் மேற்பகுதிக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்: புதியவருக்கு வெள்ளை, பிறகு மஞ்சள், நீலம், சிவப்பு. வெள்ளை முன்வரிசையில் நின்று புறப்படும்; தேர்ந்த சிவப்பு பின்னால் நின்று அத்தனை பேரையும் முந்தி வர வேண்டும். பார்ப்பவருக்குச் சுவை, புதியவருக்கு நம்பிக்கை, வல்லவருக்குப் பெருமை ஆகிய மூன்றும் ஒரு டப்பா பெயின்ட்டில் கிடைக்கின்றன.

புகார்களை அன்றிரவே தீர்த்துவிட வேண்டும். நடுவரின் உறவினர் ஓட்டும் பிரிவில் அவர் நடுவராக இருக்கக் கூடாது. ஒருமுறை நான் மார்ஷலாக நின்ற ஒரு சிறிய போட்டியில், முடிவை நாளை சொல்கிறோம் என்று அமைப்பாளர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த 'நாளை' வருவதற்குள் ஓட்டுநர்களில் பாதிப் பேர் இனி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

பார்க்க வருபவர்

மூலக்கடையில் ஒரு டீக்கடைச் சுவரில் பந்தய அறிவிப்பை ஒட்ட அனுமதி கேட்டபோது, கடைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல நம்ம ஏரியா பையன் யாருண்ணே?" என்று கேட்டார். அன்று எங்களிடம் பதில் இல்லை. அதன்பின் நாங்கள் பொதுவான சுவரொட்டி அடிப்பதையே நிறுத்திவிட்டோம்.

வடசென்னைக்குக் கூட்டம் சேர்க்கும் கலையை வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரிந்து நடந்த குத்துச்சண்டைகளுக்கு மக்கள் திரண்டது, குத்தின் நுணுக்கம் தெரிந்ததால் மட்டுமன்று; ஏறி நிற்பவன் யாருடைய ஆள் என்பது தெரிந்ததால். வியாசர்பாடிக் கால்பந்துக்கும், தெருமுனைக் கேரம் போட்டிக்கும் இதுவே பொருந்தும். ஆகவே ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அவர் பகுதிக்கென்று தனிச் சுவரொட்டி அடியுங்கள்: அவர் படம், கார் எண், தெருவின் பெயர், காரைத் தயாரித்த பட்டறையின் பெயர். காசிமேட்டுக்காரரின் படம் காசிமேட்டில், எம்.கே.பி. நகர்க்காரரின் படம் எம்.கே.பி. நகரில். ஓட்டுநரைவிட மெக்கானிக்கின் பெயருக்கே சில தெருக்களில் மதிப்பு அதிகம் என்பதால், அதைச் சிறிய எழுத்தில் போட்டுவிடாதீர்கள்.

பெரிய பிளெக்ஸ் பேனர் ஆசையை விட்டுவிடுங்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பின்னர், அனுமதியற்ற பேனர் என்பது சட்டச் சிக்கலோடு மக்களின் வெறுப்பையும் கொண்டு வரும். அதற்கான பணத்தில், பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு கார்களைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு தனியார் இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துப் படம் எடுக்க விடலாம். அந்தப் படம் அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். சலூன்கள், டீக்கடைகள், உதிரிப் பாகக் கடைகள், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி ஆகியவை நாளிதழ் விளம்பரத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

திரைப்பட நடிகர் ஒருவரை அழைத்தால் கூட்டம் வரும் என்ற யோசனை எல்லாக் கூட்டங்களிலும் எழும். அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் அணியோடு கலந்துகொண்டபின், கார்ப் பந்தயம் பற்றி நம்மூர் இளைஞர்கள் விவரமாகப் பேசுகிறார்கள் என்பது உண்மையே. அந்த ஆர்வத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால், நாடா வெட்ட வரும் நடிகரைப் பார்க்க வந்த கூட்டம், அவர் வண்டி கிளம்பியதும் பின்னாலேயே போய்விடும். மிஞ்சுவது உடைந்த தடுப்புகள்தான்.

நிகழ்ச்சி நேரத்தைப் பொறுத்தவரை, மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. குடியிருப்பும் மருத்துவமனையும் பள்ளியும் அருகில் இருந்தால் இன்னும் முன்னதாக முடிப்பது நல்லது. 24 கார்களை எட்டெட்டாகப் பிரித்து மூன்று தகுதிச் சுற்றுப் பந்தயங்கள், ஒவ்வொன்றும் பத்துச் சுற்று. ஒவ்வொன்றிலும் முதல் நால்வர் இறுதிக்கு. மீதிப் பன்னிருவருக்கும் இறுதிக்கு முன்னால் தனிப் பந்தயம் உண்டு. தோற்றவரின் குடும்பம் ஏழரை மணிக்கே எழுந்து போகாமல் இருப்பதற்கு அதுவே காரணம். இரண்டு பந்தயங்களுக்கு இடையே பத்து நிமிடத்துக்கு மேல் வெறுமை இருந்தால் மக்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் ஒன்றை அதே தடத்தில் நடத்துங்கள்.

வர்ணனையாளர்தான் உங்கள் பெரிய முதலீடு. கொடிகளின் பொருளையும் முந்தலின் நுணுக்கத்தையும் வடசென்னைப் பேச்சிலேயே சொல்லத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கால்பந்துப் போட்டிகளில் மைக் பிடிப்பவர்களிடம் இத்திறமை உண்டு. அவர் பந்தயத்துக்கு முன்பே ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். எட்டாம் இடத்தில் ஓடுபவரைப் பற்றியும் சொல்ல அவரிடம் ஒரு செய்தி இருந்தால், எட்டாம் இடத்துக்கான போட்டியையும் மக்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். கார்களின் எண்களைக் கதவளவுக்குப் பெரிதாக எழுதச் செய்யுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையிலும் தெரிய வேண்டும்.

நுழைவுக் கட்டணம் சினிமா டிக்கெட்டைவிடக் குறைவாகவும், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசமாகவும் இருக்கட்டும். உணவுக் கடைகளை வெளியூர் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடாதீர்கள். வறுத்த மீன், சுண்டல், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் வழி வந்த அத்தோ நூடுல்ஸ் என்று இப்பகுதியின் தள்ளுவண்டிக்காரர்களையே அழைத்தால், அவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே தம் வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பெண்களுக்குச் சுத்தமான, விளக்குள்ள கழிப்பறை இல்லையென்றால், இதுவரை சொன்ன அனைத்தும் வீண். குடும்பங்கள் ஒருமுறை வந்து, மறுமுறை ஆண்களை மட்டும் அனுப்பும். சில மாதங்களில் ஆண்களும் குடித்துவிட்டு வரும் இடமாக அது மாறும். மதுவுக்கும் பந்தயப் பணம் கட்டுவதற்கும் வாசலிலேயே தடை விதித்து, அதை நிறைவேற்ற ஆட்களையும் நிறுத்துங்கள்.

பார்வையாளர்கள் நிற்குமிடம் எங்கே என்பதில் சமரசம் வேண்டாம். 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் பகுதிக்குள் சிதறிப் பாய்ந்ததில் எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வேகம் குறைந்த தடத்திலும், பிய்ந்த சக்கரம் ஒன்று பறந்து வருவதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. வளைவின் வெளிப்புறத்தில் எவரையும் நிறுத்தாதீர்கள். நேர்ப்பகுதியில், போல்ட் போட்டு ஒன்றோடொன்று பிணைத்த டயர் அடுக்கு, அதற்குப் பின் வெற்றுவெளி, அதற்குப் பின் கம்பி வேலி, அதற்குப் பின்னால்தான் மக்கள். ஆம்புலன்ஸ் தடத்தருகே நிற்காமல் பச்சைக் கொடி அசையக் கூடாது. 108-ஐ அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் தனியாக ஒன்றை அமர்த்துங்கள். அது காயம்பட்டவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால், திரும்பி வரும்வரை பந்தயம் நிற்க வேண்டும்.

இரண்டாவது பந்தயம்

முதல் பந்தயத்துக்கு ஆர்வத்தால் வருவார்கள். இரண்டாவதுக்குத் தேதி நினைவிருந்தால்தான் வருவார்கள். ஆகவே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்பதுபோல் ஒரு நாளை நிலையாக வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் நடக்கவிருந்த தீவுத்திடல் பந்தயமே மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. பொங்கல் முடிந்தபின் தொடங்கி ஏப்ரல் வரை நான்கு பந்தயங்கள் என்பது புதிய கழகத்துக்கு ஏற்ற அளவு. மார்ச்சில் பொதுத்தேர்வுகள் உண்டு என்பதால் மாணவர் பிரிவை அம்மாதம் தவிர்த்துவிடலாம். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் உள்ள மாலையில் மோதாதீர்கள். தோற்பது நீங்களாகத்தான் இருக்கும்.

ஆதரவாளர்களைத் தேடும்போது பெரிய நிறுவனங்களின் வாசலில் முதலில் நிற்க வேண்டாம். அவர்கள் கேட்கும் ஆவணங்களைத் தயாரிப்பதற்குள் பருவமே முடிந்துவிடும். பேட்டரிக் கடை, டயர் ரீட்ரெடிங் பட்டறை, டிரைவிங் ஸ்கூல், பேக்கரி போன்றோரிடம் ஆளுக்கு ஐயாயிரம் கேளுங்கள். ஆதரவாளரின் பெயர் கழகத்தின் பேனரில் இருப்பதைவிட, அவர் தெருக்காரர் ஓட்டும் காரின் கதவில் இருப்பதே அவருக்குப் பிடிக்கும்.

இறுதிப் பந்தயம் முடிந்ததும் வேலியைத் திறந்து, எஞ்சின்கள் ஆறும் வரை அரைமணி நேரம் மக்களைக் கார்களுக்கு அருகே விடுங்கள். ஓட்டுநர்கள் அந்த அரைமணியும் காருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் யார்டைப் பெருக்கி ஒப்படைத்த கையோடு, முதலிடம் முதல் இருபத்துநான்காம் இடம் வரை அனைவர் பெயரும் அடங்கிய முடிவுப் பட்டியலை, அடுத்த பந்தயத்தின் தேதியோடு அச்சிட்டு, எந்தெந்த டீக்கடைச் சுவரில் சுவரொட்டி ஒட்டினீர்களோ அங்கெல்லாம் அதன்மேலேயே ஒட்டிவிட்டு வாருங்கள்.